முரண்டு பிடிக்கும் சின்டிலேஷன் கருவி: படிகத்தின் மேல் பழி போடும் முன்

"படிகம் போய்விட்டது போலிருக்கிறது, சார்." வீட்டில் கதிர்வீச்சு அளக்கும் சின்டிலேஷன் கருவி செய்தவர்கள் பெட்டியை என் மேசையில் வைக்கும்போதே சொல்லும் வாக்கியம் இது. திறந்து பார்த்தால் படிகம் சுத்தமாக இருக்கும். கறுப்பு டேப்பில் ஓர் ஊசித்துளை இருக்கும், அல்லது சாக்கெட்டின் கால்களை எதிர்ப்பக்கமாக எண்ணிப் பற்றவைத்திருப்பார்கள். படிகம் உண்மையிலேயே கெட்டிருந்ததை நான் கண்டது இரண்டே முறை. பெட்டிக்குள் விலை கூடிய பொருள் அதுதான் என்பதால் பயமும் அதன் மேலேயே போய் விழுகிறது.

கீழே உள்ளவை வழக்கமான அமைப்புக்குப் பொருந்தும்: கதிர் பட்டால் மினுங்கும், தாலியம் கலந்த சோடியம் அயோடைடு படிகம், அந்த மினுக்கத்தை மின் துடிப்பாக்கிப் பெருக்க அதன் முகத்தில் ஒட்டிய போட்டோமல்டிப்ளையர் (இனி வெறும் குழாய்), குழாயின் கால்களுக்கு மின்னழுத்தத்தைப் பங்கிடும் மின்தடைச் சங்கிலி, 5 அல்லது 12 வோல்ட்டை 600 முதல் 1000 வோல்ட் வரை உயர்த்தும் பலகை, துடிப்புகளைக் கணினியின் சவுண்ட் கார்டுக்குக் கொண்டுபோகும் கேபிள்.

கை வைக்கும் முன்

மின்சாரத்தை நிறுத்தி ஒரு நிமிடம் காத்திருங்கள். 1 மெகா ஓம் மின்தடைகள் நான்கைந்தைத் தொடராகக் கோத்து, உயர் மின்னழுத்த முனையை அவற்றின் வழியாகத் தரைமுனையோடு தொட்டு வடியவிடுங்கள். பிறகே விரல். இந்தப் பலகையிலிருந்து வரும் அதிர்ச்சி பெரும்பாலும் உயிரை வாங்காது. ஆனால் கை உதறிக் குழாயைக் கீழே போடவைக்கும்.

மின்னழுத்தம் இருக்கும்போது குழாய் அறை வெளிச்சத்தைப் பார்க்கக் கூடாது. ஒரு கணம் போதும், குழாய் பாழ். படிகத்தின் அலுமினிய உறையை எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். காற்றின் ஈரத்தில் படிகம் கெடும், உள்ளே இருக்கும் தாலியம் நஞ்சு.

சோதிக்க ஒரு கதிர்மூலம் வேண்டும். உரக்கடையில் கிடைக்கும் பொட்டாஷ் ஒரு கிலோ போதும். அதில் ஏறக்குறைய பாதி பொட்டாசியம். இயற்கையான பொட்டாசியத்தில் ஒரு கிராமுக்கு நொடிக்கு சுமார் 31 சிதைவுகள் நடக்கின்றன, பத்தில் ஒன்று 1461 கிலோ எலக்ட்ரான் வோல்ட் (கதிரின் ஆற்றலை அளக்கும் அலகு, இனி கி.எ.வோ.) காமா கதிரை வெளியிடுகிறது. பையைப் படிகத்தை ஒட்டி வைத்து ஒரு மணி நேரம் எண்ணினால், எந்த ஆற்றலில் எத்தனை துடிப்பு என்று மென்பொருள் வரையும் படத்தில் (அதுதான் நிறமாலை) 1461இல் முகடு எழ வேண்டும். பழைய தோரியம் மேண்டில் பெட்ரோமாக்ஸோடு பரணில் கிடந்தால் அது இன்னும் வசதி. 239இல் பலமான முகடு தரும். ஆனால் பிளாஸ்டிக் பைக்குள் ஒட்டியபடியே வைத்துக்கொள்ளுங்கள். அதை உதிர்க்கவோ எரிக்கவோ வேண்டாம்.

குமரி மாவட்டக் கடலோரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு சொல். மணவாளக்குறிச்சிப் பக்கத்து மணலில் இருக்கும், தோரியம் கலந்த மோனசைட் கனிமத்தால் எந்தக் கதிர்மூலமும் இல்லாமலே தோரியத்தின் முகடுகள் தெரியக்கூடும். அதற்காக மணலை அள்ளி டப்பாவில் அடைக்காதீர்கள். மோனசைட் அணுசக்தி தொடர்பான சட்டப்படி கட்டுப்படுத்தப்பட்ட பொருள். உரிமம் இல்லாமல் வைத்திருப்பது குற்றம்.

அறிகுறி 1: ஒரு துடிப்பும் வரவில்லை

*முதலில் கணினி.* எந்த ஒலி உள்ளீட்டைத் தேர்ந்திருக்கிறீர்கள்? பாதிப் பேர் மடிக்கணினியின் உள் மைக்கைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். மேசையை விரலால் தட்டிப் பாருங்கள். திரையில் அலை குதித்தால் தவறான உள்ளீடு. சரியான உள்ளீட்டிலும் இரைச்சல் நீக்கம், தானியங்கி ஒலி அளவு ஆகியவற்றை அணைத்தாக வேண்டும். பேச்சைத் தெளிவாக்க வந்த அந்த வசதிகள் நம் துடிப்பைக் குப்பை என்று நினைத்துக் கூட்டித் தள்ளிவிடும். துடிப்பு கீழ்நோக்கி வந்தால் மென்பொருளில் திசையை மாற்றிப் பாருங்கள்.

*அடுத்து மின்னழுத்தம்.* என் சொந்தப் பணம் வீணான இடம் இது. மல்டிமீட்டரை நேராக வைத்தேன். 310 வோல்ட் காட்டியது. 800 வர வேண்டிய இடம். பலகை போய்விட்டது என்று புதிதாக ஒன்று வாங்கினேன். அதுவும் ஏறக்குறைய 310 காட்டியது. பழுது பலகையில் இல்லை. மல்டிமீட்டரின் உள்தடை 10 மெகா ஓம். இந்தச் சிறு பலகைக்கு அதுவே பெரும் சுமை, முதுகு வளைந்துவிடுகிறது. 100 மெகா ஓம் மின்தடை பத்தைத் தொடராகக் கோத்து, அதன் வழியாக மீட்டரைத் தொடுங்கள். வரும் எண்ணை 101ஆல் பெருக்குங்கள். 7.9 வோல்ட் காட்டினால் உண்மையில் 800. (அந்த இரண்டாவது பலகை இப்போது வேறொரு கருவியில் நன்றாக வேலை செய்கிறது.)

*மின்னழுத்தம் இருக்கிறது, துடிப்பு இல்லை.* சாக்கெட்டின் கால்களைப் பாருங்கள். தகவல் தாளில் உள்ள படம் பெரும்பாலும் குழாயை அடியிலிருந்து பார்ப்பதுபோல வரைந்தது. மேலிருந்து எண்ணினால் எல்லாம் கண்ணாடிப் பிம்பமாகப் புரண்டுவிடும். புதிதாகச் செய்தவர்களிடம் நான் மிக அதிகமாகக் காணும் தவறு இது. ஒரு நல்ல செய்தி: உடனே திருத்தினால் குழாய் பெரும்பாலும் தப்பித்துவிடும்.

*கால்களும் சரி.* மின்சாரம் நிறுத்திய நிலையில் சங்கிலியின் ஒவ்வொரு மின்தடையையும் அளவிடுங்கள். ஒன்று திறந்துபோயிருந்தாலும் சங்கிலி முழுவதும் செத்துவிடும். பிறகு, உயர் மின்னழுத்தத்தைத் தடுத்துத் துடிப்பை மட்டும் வெளியே விடும் மின்தேக்கி. அது குறைந்தது 2 கிலோ வோல்ட் தாங்குவதாக இருக்க வேண்டும். பழைய வானொலியிலிருந்து கழற்றிய 500 வோல்ட் மின்தேக்கியை அங்கே வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

*எல்லாம் சரி, இன்னும் மௌனம்.* குழாயை நிறுத்திக் கழற்றி, மங்கிய வெளிச்சத்தில் அதன் கண்ணாடி முகத்தைப் பாருங்கள். உட்புறம் மெல்லிய பழுப்புப் படலம் இருக்க வேண்டும். சன்னல் கண்ணாடி போலத் தெளிவாக இருந்தால் உள்ளே காற்றுப் புகுந்துவிட்டது. பழுது பார்க்க வழியில்லை, வேறு குழாய்தான்.

அறிகுறி 2: எண்ணிக்கை தாறுமாறாக ஏறுகிறது

இது மிகவும் கிளை பிரியும் நோய். வரிசை மாறாமல் பாருங்கள்.

*அறை விளக்கை அணைத்ததும் இறங்குகிறதா?* இறங்கினால் வெளிச்சம் கசிகிறது. அறையை இருட்டாக்கி, மின்னழுத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு, சிறு டார்ச்சை அங்குலம் அங்குலமாக நகர்த்துங்கள். எங்கே எண்ணிக்கை துள்ளுகிறதோ அங்கே ஓட்டை. கேபிள் வெளியே வரும் துளையும் மூடியின் விளிம்பும் முதல் குற்றவாளிகள். எலக்ட்ரீஷியன்கள் சுற்றும் கறுப்பு டேப் நம் கண்ணுக்குத்தான் கறுப்பு. ஒரு சுற்று மட்டும் சுற்றினால் குழாய்க்கு அது மெல்லிய திரைச்சீலை. அலுமினியத் தாள் இரண்டு சுற்று, அதன் மேல் டேப் மூன்று சுற்று. அலுமினியம் எந்த மின்முனையையும் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

*இருட்டிலும் அதே கூத்து. முகடு எதுவும் இல்லை, இடது ஓரத்தில் மட்டும் குவியல்.* சமீபத்தில் குழாயைத் திறந்து வெளிச்சத்தில் வைத்திருந்தீர்களா? மின்சாரம் இல்லாமலே வெளிச்சம் பட்டிருந்தாலும் குழாய் அமைதியாக நேரமாகும். இருட்டில் பூட்டி ஓர் இரவு விட்டு, மறுநாள் பாருங்கள். நான் இந்தக் கட்டத்தில் எதையும் கழற்றுவதில்லை, தூங்கப் போய்விடுவேன். காலையிலும் மாறவில்லை என்றால் மின்னழுத்தத்தை 50 வோல்ட் குறைத்து, மென்பொருளில் கீழ் எல்லையைச் சற்று உயர்த்துங்கள். சித்திரை வெயிலில் மாடி அறையில் வைத்திருந்தால், குழாயின் சொந்த இரைச்சலே ஏறும். கீழ்த் தளத்துக்கு இறக்குங்கள்.

*வீட்டில் வேறெதையோ போட்டால் ஏறுகிறது.* மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். அமைதியானால் சார்ஜர்தான். அது இல்லையென்றால் எல்.இ.டி. விளக்கு, மின்விசிறியின் ரெகுலேட்டர், மின்வெட்டில் ஓடும் இன்வெர்ட்டர் என்று ஒவ்வொன்றாக நிறுத்துங்கள். மின்வெட்டு நேரத்தில் மட்டும் கதிர்வீச்சு கூடுகிறது என்று மிகவும் கவலைப்பட்டு ஒருவர் வந்தார். அவர் வீட்டு இன்வெர்ட்டர் தந்த கரடுமுரடான அலைதான் காரணம். கைப்பேசியைக் கருவியிலிருந்து இரண்டடி தள்ளி வையுங்கள். குழாயையும் பலகையையும் ஒரே உலோகப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியைக் கேபிளின் வெளிப்புற உலோக வலையோடு ஒரே இடத்தில் இணைத்தால் இந்தத் தொல்லையில் பெரும்பகுதி போய்விடும்.

*கொத்துக் கொத்தாக வந்து, ஓய்ந்து, மறுபடி வருகிறது.* உயர் மின்னழுத்தம் எங்கோ கசிகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இது அதிகம். கடலோரத்து வீடுகளில் ஆண்டு முழுவதும். பலகையில் பற்றவைப்பின் பிசின் எச்சம் ஈரத்தை உறிஞ்சிக் கடத்தத் தொடங்குகிறது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பழைய பல்தூரிகையை நனைத்துத் தேய்த்து, ஒரு பகல் உலரவிடுங்கள். ஈயப் பற்று முள் போல நீட்டிக்கொண்டிருந்தால் மறுபடி உருக்கி உருண்டையாக்குங்கள். கூர்முனையிலிருந்துதான் மின்சாரம் காற்றில் தாவும். இருட்டில் பலகையை மட்டும் தனியாக ஓட்டி, காதைச் சற்றுத் தள்ளி வைத்துக் கேளுங்கள். "ஸ்ஸ்" என்றால் அங்கே கசிவு. சுத்தம் செய்த பிறகும் நிற்கவில்லை என்றால், அறிகுறி 1இல் சொன்ன, துடிப்பை வெளியே விடும் மின்தேக்கியை மாற்றுங்கள்.

*மழை பெய்யும்போது ஏறி, நின்ற பிறகு ஓரிரண்டு மணி நேரத்தில் தானாக இறங்குகிறது.* எதையும் தொடாதீர்கள். கருவி நன்றாக இருக்கிறது. அது வானத்தைப் படிக்கிறது. காற்றில் உள்ள ரேடான் என்ற கதிரியக்க வாயுவின் வழித்தோன்றல்களை மழை வழித்துத் தரைக்கு இறக்குகிறது. அவற்றில் ஈயம்-214, பிஸ்மத்-214 இரண்டின் அரைவாழ்வும் 20 முதல் 27 நிமிடம்தான், அதனால் விரைவில் அடங்குகிறது. நிறமாலையில் 352, 609 கி.எ.வோ. முகடுகள் எழுந்திருக்கும். மழையில் ஈரக் கசிவும் வரும், ரேடானும் வரும் என்பதால் குழப்பம் இயல்பு. கசிவுக்கு முகடு கிடையாது, ரேடானுக்கு உண்டு. இதை வைத்துப் பிரித்துவிடலாம். முதல் முறை இந்த முகடுகளைப் பார்த்த இரவு நான் வீட்டில் எல்லோரையும் எழுப்பினேன். யாரும் மகிழவில்லை.

அறிகுறி 3: முகடு எழவில்லை, அல்லது மேடு போல அகன்று கிடக்கிறது

பொட்டாசியத்தின் 1461 முகட்டின் பாதி உயரத்தில் அகலத்தை அளவிடுங்கள். 80 கி.எ.வோ. பக்கம் இருந்தால் நல்ல கருவி. 100 என்றாலும் குறை சொல்ல மாட்டேன். 150ஐத் தாண்டினால் தொடர்ந்து படியுங்கள்.

முதலில் செலவில்லாதது. மென்பொருளில் துடிப்பின் வடிவத்தைப் புதிதாகப் பதிவு செய்து, அதோடு ஒத்துப்போகாதவற்றைத் தள்ளும் அளவை இறுக்குங்கள். ஒன்றன்மேல் ஒன்று ஏறிய துடிப்புகள் உதிர்ந்துவிடும். கதிர்மூலத்தைச் சற்றுத் தள்ளி வைத்துப் பாருங்கள். தள்ளியதும் முகடு கூர்மையானால் எண்ணிக்கை மிகையாக இருந்ததுதான் காரணம்.

அடுத்தது கிரீஸ். நான் கையில் எடுத்த மங்கலான கருவிகளில் பெரும்பாலானவை இங்கேயே குணமாயின. படிகத்தின் கண்ணாடிக்கும் குழாயின் முகத்துக்கும் இடையே காற்றுக் குமிழ் இருந்தால், படிகம் தந்த ஒளியில் நிறையத் திரும்பிப் போய்விடும். தெளிவான, கெட்டியான சிலிக்கோன் கிரீஸ் வேண்டும். கணினிச் சில்லுகளுக்குப் பூசும் வெள்ளைப் பசையைப் பூசிக் கொண்டுவந்தவர்கள் உண்டு; அது ஒளியை மறைக்கும் சுவர். பெட்ரோலியம் ஜெல்லி அவசரத்துக்கு உதவும், ஆனால் நம் ஊர் வெயிலில் உருகி ஒழுகிவிடும். பழையதைத் துடைத்து, நடுவில் ஒரு துளி மட்டும் வைத்து, அழுத்திக்கொண்டே மெதுவாகத் திருகுங்கள். துளி நடுவிலிருந்து ஓரத்துக்குப் பரவ வேண்டும். முகம் முழுவதும் முன்பே தடவினால் குமிழைச் சிறை வைத்ததாகும். பிறகு ரப்பர் வளையமோ சுருள்வில்லோ கொண்டு இரண்டையும் அழுத்தத்தில் வைத்திருங்கள். டேப்பின் பிடி மாதக் கணக்கில் தளரும்.

படிகத்தின் முகம் குழாயின் முகத்தைவிடப் பெரியதா? மிஞ்சும் வளையத்தை, தண்ணீர்க் குழாய் பொருத்துபவர்கள் சுற்றும் வெள்ளை டெஃப்லான் நாடாவால் பல அடுக்கு மூடுங்கள். தப்பும் ஒளி திரும்பி உள்ளே போகும்.

இன்னமும் அகலமா? கருவியைக் கிடையாக வைத்து, நான்கு திசைக்கும் திருப்பித் திருப்பி முகட்டைப் பாருங்கள். திசைக்கு ஏற்ப முகடு நகர்ந்தால் பூமியின் காந்தப்புலம் குழாய்க்குள் புகுந்து விளையாடுகிறது. காந்தப்புலத்தை மறிக்கும் மியூ உலோக உறை போட வேண்டும். அந்த உறையை வெட்டுவது, வளைப்பது, கீழே போடுவது எல்லாம் அதன் குணத்தைக் கெடுக்கும் என்பதால் அளவு பார்த்து ஆயத்தமாக வாங்குவதே நல்லது. ஒலிபெருக்கி பக்கத்தில் இருந்தால் முதலில் அதை நகர்த்துங்கள், காசு மிச்சம்.

கடைசியில்தான் படிகம். குழாயைக் கழற்றிவிட்டு, படிகத்தின் கண்ணாடி வழியாக வெள்ளை வெளிச்சத்தில் பாருங்கள். நல்ல படிகம் தண்ணீர் போல நிறமற்று இருக்கும். மஞ்சள் ஏறியிருந்தாலோ, விளிம்பிலிருந்து வெள்ளைப் பூஞ்சை போலப் படர்ந்திருந்தாலோ ஈரம் உள்ளே புகுந்துவிட்டது. வெள்ளிக் கீற்று தெரிந்தால் விரிசல். ஒரே கதிர்மூலத்துக்கு இரட்டை முகடு வரக்கூடும். குளிரூட்டிய காரிலிருந்து மே மாத வெயிலுக்கு நேராக எடுத்து வருவதுபோன்ற வெப்ப அதிர்ச்சிதான் பெரும்பாலும் விரிசலுக்குக் காரணம். பழைய போர்வையில் சுற்றி, பெட்டிக்குள்ளேயே இரண்டு மூன்று மணி நேரம் வைத்து மெதுவாகச் சூடேறவிடுங்கள். மஞ்சள் பூத்ததையும் விரிந்ததையும் வீட்டில் திருத்த முடியாது. படிகத்தை மெருகேற்றி மறுபடி மூடித்தரும் தொழில்முறை நிறுவனங்கள் உண்டு. ஆனால் சிறு படிகத்துக்கு அந்தச் செலவைவிட வேறொன்று வாங்குவதே கட்டுப்படியாகும்.

அறிகுறி 4: முகடு காலையில் ஓரிடம், மாலையில் ஓரிடம்

அரை மணி நேரமாவது ஓடவிட்ட பிறகுதான் அளவீட்டை நம்ப வேண்டும். அதன் பிறகும் நகர்ந்தால் பலகைக்கு வரும் மின்சாரத்தை அளவிடுங்கள். உயர் மின்னழுத்தம் 1 சதவீதம் மாறினால் குழாயின் பெருக்கம் 7 சதவீதம் வரை மாறக்கூடும். 1461இல் இருந்த முகடு நூறு கி.எ.வோ. தள்ளிப்போய் உட்காரும். கணினியின் யு.எஸ்.பி. துளையிலிருந்து மின்சாரம் எடுப்பவர்களுக்கு இது வாடிக்கையான தொல்லை. நிலையான தனி மின்சாரம் கொடுங்கள். பவர் பேங்க் வைத்தால், கருவி இழுக்கும் மின்னோட்டம் போதவில்லை என்று சில ரகங்கள் சில நொடிகளில் தாமாக அணைந்துவிடும். அதைக் கருவியின் பழுது என்று எண்ணிவிடாதீர்கள்.

எஞ்சும் நகர்வு வெப்பநிலையால் வருவது. அதோடு சண்டை போடுவதில் பயனில்லை. பொட்டாஷ் பொட்டலத்தைப் பக்கத்திலேயே வைத்து, ஒவ்வொரு அளவீட்டுக்கு முன்பும் 1461ஐச் சரிசெய்து கொள்வதே என் வழக்கம்.

அறிகுறி 5: எந்த அட்டவணையிலும் இல்லாத முகடு

200க்குச் சற்றுக் கீழும் மேலும் ஒரு மேடு என்றால், சுற்றுச் சுவரில் மோதித் திரும்பிய கதிர். 75 பக்கம் என்றால் நீங்கள் அடுக்கிய ஈயக் கட்டிகளே தரும் எக்ஸ் கதிர். உட்புறம் செம்புத் தகடு வைத்தால் அடங்கும். துல்லியமாக ஓரிடத்தில் ஊசி போல ஒற்றைக் கோடு என்றால் அது கதிர்வீச்சே அல்ல. இந்தப் படிகத்தால் அத்தனை மெல்லிய முகட்டைத் தர முடியாது. அறிகுறி 2இன் இன்வெர்ட்டர் பத்திக்குத் திரும்புங்கள்.

நிறுத்திவிட்டு நிபுணரைக் கூப்பிட வேண்டிய இடங்கள்

படிகத்தின் உறை உடைந்திருந்தால் கையுறையோடு பைக்குள் போட்டு மூடி, அபாயக் கழிவாக ஒப்படையுங்கள். பலகையிலிருந்து கருகல் வாடை வந்தால், உயர் மின்னழுத்தத்தில் பழக்கமுள்ள மின்னணுப் பணிமனையில் கொடுங்கள்.

மூன்றாவது இடம் வேறு வகை. ஒரு பழைய இரும்புக் கடையிலோ குப்பைமேட்டிலோ எண்ணிக்கை பல மடங்கு ஏறுகிறது. அறிகுறி 2 முழுவதும் பார்த்தாயிற்று. தள்ளிப் போனால் இறங்குகிறது, நெருங்கினால் ஏறுகிறது. அங்கே கருவி பழுதில்லை. 2010 ஏப்ரலில் தில்லி மாயாபுரிப் பழைய இரும்புச் சந்தையில், பல்கலைக்கழகம் ஒன்று ஏலத்தில் விட்ட கதிரியக்கக் கருவியைப் பிரித்தபோது கோபால்ட்-60 வெளிவந்தது. பலர் நோயுற்றனர், ஒருவர் இறந்தார். கோபால்ட்-60 நிறமாலையில் 1173, 1332 என்று இரட்டையாக நிற்கும், நம் பொட்டாசிய முகட்டுக்குச் சற்று இடப்பக்கம். அதைப் பார்க்கக் கிட்டே போகாதீர்கள். மிகவும் பலமான கதிர்மூலத்தின் அருகே துடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டி, எண்ணிக்கை ஏறுவதற்குப் பதிலாகத் திடீரென்று விழும். சில நேரம் பூச்சியத்துக்கே வரும். அறிகுறி 1 என்று நினைத்து அங்கேயே உட்கார்ந்து கேபிளைத் திருகிக்கொண்டிருக்க வேண்டாம். வந்த வழியே திரும்பி நடந்து, மற்றவர்களையும் விலக்கி, 112ஐ அழைத்து, அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்குத் தெரிவிக்கச் சொல்லுங்கள்.